பிஷப் ட்ரிப்பின் மேடை

எங்கள் பள்ளத்தாக்கின் ரயில்பாதையைக் கட்டியவர் கடவுள். நாங்கள் அவர் கையில் வெறும் கருவிகள். பிஷப் அல்ஃபியஸ் ட்ரிப் இதை ஆறு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தார். ஏழாவது ஞாயிறு, கருவிகள் எல்லாம் அவரவர் மண்வெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டும் என்றார்.

ரயில் கம்பெனியிடம் ரொக்கம் இல்லை. கூலியில் பாதிக்குக் கடன்பத்திரம். மீதிக்கு, சபையார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகக் கொடுத்ததைச் சேர்த்துவைக்கும் தசமபாகக் கிடங்கில் என்ன கிடக்கிறதோ அது. என் கணவர் நீல்ஸ் கோடை முழுக்க மண்கரை போட்டதற்கு நாலு பூசணிக்காயும், ஒரு கிழட்டுக் கோழியும், ஒரு பீப்பாய் சோளப்பாகும் கிடைத்தன. பத்திரத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்தோம். கோழியைத் தின்றோம். பீப்பாய் கனம்; வண்டி கிடைக்கும்வரை ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்கிலேயே இருந்தது.

நான் குறை சொல்லவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த என் தங்கை சிட்ஸலுக்குக் கப்பலில் கண்ட காய்ச்சல் இன்னும் விடவில்லை. உட்காரக்கூட முடியாதவளை மாட்டுவண்டியில் போட்டு, மார்பளவு குளிர்நீரில் ஆற்றைக் கடத்தினால் பிணமாகத்தான் இறக்குவோம். அந்த ரயிலுக்காக நீல்ஸ் மலையையே வெட்டச் சொன்னாலும் வெட்டியிருப்பார்.

முதல் ரயில் வரும் சனிக்கிழமை காலை, பாலத்தின்மேல் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை நாற்பது குறைந்தது. வீட்டுக்குப் பத்துக் கட்டை என்று எல்லோரும் கொடுத்தாகிவிட்டது, ஆனாலும் குறைந்தது. அந்த இடைவெளியை நடந்துகூடக் கடக்க முடியாது. ரயில் சிட்ஸலை ஏற்றிக்கொண்டு மத்தியானமே வந்து அக்கரையில் நின்றது. என்ஜினுக்கு நிலக்கரி போதாது, நாலு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று டிரைவர் கத்தினார். அடுத்த ரயில் பனி உருகிய பிறகுதான்.

"மரம் வெட்டிட்டு வர ரெண்டு நாளாகும், மாரென்," என்று நீல்ஸ் என்னிடம் சொன்னார்.

"ஜெபம் பண்ணுவோம்," என்றார் பிஷப், மேடையிலிருந்து.

அந்த மேடையைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் பிஷப் நாலடி மேடையில் நின்று ரயிலை வரவேற்றார் என்று கேள்விப்பட்டு, நம்மவர் ஆறடிக்குக் கட்டியிருந்தார். சுற்றிலும் வெள்ளைத் துணி.

எங்கள் சபை வழக்கப்படி பிஷப்புக்கு இருந்த மனைவிமாரில் இரண்டாமவள் தர்ஸா, பாடகர் குழுவோடு அதன்மேல் நின்றவள், குனிந்து துணியைத் தூக்கினாள்.

"ஏங்க, ஜெபத்துக்குப் பதில் வந்தாச்சு. உங்க காலடியிலேயே கிடக்கு பாருங்க."

உள்ளே சிலிப்பர் கட்டைகள், அடுக்கடுக்காக.

பிஷப் தொண்டையைக் கனைத்தார். "வியாழக்கிழமையே இந்த மேடைய எண்ணெய் வச்சுக் கடவுளுக்கு அர்ப்பணிச்சாச்சு, தர்ஸா. அர்ப்பணிச்சதுல கை வைக்கக் கூடாது."

"புதன்கிழமை ரயில்பாதையையும் நீங்கதானே அர்ப்பணிச்சீங்க? அவரு சாமான் அவருகிட்டயே போகுது. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"இருந்தாலும் ஒரு முறைன்னு இருக்கு..."

"பிஷப்," என்றேன். "அக்கரையில என் தங்கச்சி படுத்திருக்கா."

அவர் என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, உயரத்தில் ஆசை, அவ்வளவுதான். கோட்டைக் கழற்றினார். முதல் கட்டையை அவரே தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். பின்னால் பாடகர் குழு, இரண்டு இரண்டு பேராக ஒரு கட்டை. நாலு மணிக்குக் கால்மணி இருக்கையில் கடைசி ஆணி இறங்கியது.

ரயில் இக்கரைக்கு வந்து நின்றதும் சிட்ஸலை நாலு பேர் கம்பளியோடு தூக்கி இறக்கினார்கள். கண்ணைத் திறந்து, "அக்கா, இங்க ஏன் எல்லாரும் இப்படி வேர்த்துக் கொட்டுறாங்க?" என்றாள். நான் அழுதுகொண்டே கம்பளியை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன். இன்றும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது கடவுளுக்கு நன்றி சொல்வேன். தர்ஸாவுக்கும் சொல்வேன், சில நாள் அவளுக்கு முதலில்.

வரவேற்புரை மட்டும் பாக்கி. மேடை போய்விட்டதால் கிடங்கு வாசலுக்கு உருட்டிவந்த ஒரு பீப்பாயின்மேல் பிஷப் ஏறினார். "கடவுளே நம்மை உயர்த்தினார்" என்று கையைத் தூக்கியபோது மூடி உடைந்து, முழங்கால்வரை உள்ளே போனார்.

அது எங்கள் சோளப்பாகு. கிறிஸ்துமஸ்வரை அதைத்தான் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டோம்.