பின்சீட்டுச் சான்றிதழ்

பைக் ஓட்டும் திறனுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் கம்பெனிக்குள் வண்டியை விடமாட்டார்கள். ஒதியம்பட்டு பாக்யராஜ் காலைப் பஸ்ஸில்தான் தொங்க வேண்டும். பதினெட்டு வருடமாகக் கீழே விழாத தெம்பில் சான்றிதழ்த் தேர்வுக்கு வில்லியனூர் மைதானத்துக்கு வந்தவன், எட்டுப் போட்டதில் ஏழு கூம்புகளைச் சாய்த்தான்.

"இன்னாய்யா, கண்ணு தெரியலியா?" என்றார் அதிகாரி.

"தனியா ஓட்டிப் பழக்கமில்ல சார். எம் பொண்டாட்டியும் அதே கம்பெனிதான், போன மாசம்தான் வேலைய வுட்டா. பின்னாடி அவ குந்துனாத்தான் எனக்கு ரோடே தெரியும்."

ஓரமாக நின்ற மனைவி புவனேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள்.

"லெஃப்ட்டுல ஒடிய்யா. மெதுவா... யோவ், பிரேக்கப் புடி! இப்பத் திருப்பு."

ஒரு கூம்புகூட அசையவில்லை.

அதிகாரி நியாயஸ்தர். படிவத்தில் மூக்குக்கண்ணாடி பற்றி எழுத வேண்டிய இடத்தில், 'மனைவி பின்னால் அமர்ந்தால் மட்டும் செல்லும்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை கம்பெனிக் காவலாளி சான்றிதழைப் படித்தார், பின்சீட்டைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார்.

புவனேஸ்வரி இறங்கி, வீட்டுக்குத் திரும்பப் பஸ் ஏறினாள்.

"சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாத!" என்றாள், படியில் தொங்கியபடி.