கரிப்படத்தில் ஒரு பொட்டு

அன்னப்பூரணியின் வேலிப் படலையடியில் வெள்ளைத் துணி தெரிந்ததும் ஒப்பாரியோடு முதலில் ஓடிவந்தவள் அடுத்த வளவு இரத்தினம்மாதான். தேற்றாத்தீவில் எந்தச் செத்தவீட்டுக்கும் சொந்தக்காரருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறவள். கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் வந்தாளா, தெரிந்தே அவிழ்த்துக்கொண்டு வந்தாளா, யார் கண்டது?

"என்ர தம்பி, என்ர இளையதம்பி, கடைசியா உன்ர சேதி வந்திற்றாடா!"

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அன்னப்பூரணியின் கையிலிருந்து கோப்பை நழுவவில்லை. படமென்றால் நழுவியிருக்கும். அவள் அதை மெல்லக் கீழே வைத்தாள்.

இளையதம்பி அவளுடைய புருஷன். சுனாமியன்று காலையில் தோணியைப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோயிற்று என்றது ஊர். பிறகு வாகரைப் பக்கம் கண்டதாக ஒருவர் சொன்னார், வன்னியில் கண்டதாக இன்னொருவர். சண்டை முடிந்தபோது முகாம் முகாமாக ஏறி இறங்கி, அங்கேயும் இல்லையென்று கண்டு வந்தவள், மறுநாள் காலை வழக்கம்போலக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். கிரியையைச் செய்து முடி என்று சொல்லிச் சொல்லி ஊருக்கு வாய் களைத்தது. காத்திருந்தவளுக்கு அதைவிடக் களைப்பு.

இப்போது அழுகை கேட்டதும் அவளுக்குப் பயம் வரவில்லை. நெடுநாள் தலையில் இருந்த குடத்தை யாரோ வாங்கி இறக்கினாற்போல் இருந்தது. அதை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசியது.

வெளியே வந்தாள். "ஆருகா சொன்ன? எங்க கண்டாங்களாம்?"

"நீதானேகா படலையில செத்தவீட்டு வெள்ளை கட்டியிருக்கிறாய்!" இரத்தினம்மா மூக்கைச் சிந்தினாள்.

கம்புகளில் இழுத்துக் கட்டியிருந்த துணிக்குப் பின்னாலிருந்து டிலுக்ஷன் தலையை நீட்டினான். மட்டக்களப்பு ரவுணிலிருந்து படம் எடுக்க வந்த டைரக்டர். "ஐயோ அன்ரி, அது வெயிலை மறைக்கக் கட்டினது. முகத்தில வெளிச்சம் சீரா விழுறதுக்கு."

குடம் திரும்பவும் தலைக்கு ஏறியது.

அவன் எடுத்த படத்துக்கு மூலம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம். சுனாமி முகாமில் இருந்த ஒருவர் வரைந்தது. பக்கத்துக்குப் பக்கம் மை. மழை வெள்ளைக் கோடு, வாவி கறுப்புத் தகடு, மனிதர்களுக்குப் பாதி முகம். டிலுக்ஷன் அதை அச்சொட்டாகப் பின்பற்றினான். தென்னைக்குச் சுண்ணாம்பும் மதிலுக்குக் கரியும் பூசினான். ஊர் அதற்குக் 'கரிப்படம்' என்று பெயர் வைத்தது. "உலகம் முழுக்கக் கலர் வந்திற்று, இந்தப் பொடியனுக்கு மட்டும் வரல்ல" என்று இரத்தினம்மா சந்தைவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

கரிப்படத்திலும் ஒரேயொரு நிறம் உண்டு. கரையில் காத்திருக்கும் ஒருத்தியின் நெற்றிப் பொட்டு மட்டும் சிவப்பு. அவளாக நிற்கத்தான் அன்னப்பூரணி சம்மதித்திருந்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் பொட்டைக் கையால் அழிக்கிறாள் என்பதை டிலுக்ஷன் இன்று காலையில்தான் காட்டினான். அவள் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள்.

இப்போது மறுபடியும் கேட்டான். "ஒருக்கா அழிச்சாக் காணும் அன்ரி. எடுத்து முடிஞ்ச உடன திரும்ப வைக்கலாம்."

இரத்தினம்மா பாய்ந்தாள். "தாலி கட்டினவள்ர பொட்டு என்ன பள்ளிக்கூடத்துக் கரும்பலகையா மனே, அழிச்சழிச்சு எழுத?"

அந்தப் பொட்டைப் பற்றி இத்தனை வருடம் வேலியோரம் நின்று கதைத்தவளும் இவள்தான். அது வேறு கதை.

அன்னப்பூரணி டிலுக்ஷனிடம் கேட்டாள்: "உங்கட படத்தில எல்லாம் கறுப்புத்தானே. இது மட்டும் எப்பிடிச் சிவக்கும்?"

"எடுக்கிறதெல்லாம் கலர்லதான் அன்ரி. மறுகா கொம்பியூட்டர்ல நிறத்தை எடுத்திருவம். பொட்டில மட்டும் விடுவம்."

"அப்ப அதையும் அங்கயே எடுங்க. நான் அழிக்கமாட்டன். சும்மா நிப்பன். உங்கட மெசின் அழிக்கட்டும்."

அவன் புத்தகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், புத்தகத்தை மூடினான். அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நிற்பது அவளுக்குப் பழகிய வேலை.

அடுத்த வருடம் பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். சனம் தங்கள் தங்கள் முகத்தைத் தேடியது. பாதி முகம்தான் விழுந்திருந்தது என்று சிலர் அங்கேயே டிலுக்ஷனோடு சண்டைக்குப் போனார்கள். கடைசியில் அன்னப்பூரணியின் முகம் திரை முழுக்க வந்தபோது சத்தம் அடங்கியது. நெற்றியில் சிவப்பு. கை எதுவும் வரவில்லை. சிவப்புத் தானாகவே மங்கி, காய்ந்து, மையோடு மையானது. முகம் அப்படியே நின்றது.

பக்கத்தில் இரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியைக் கண்டு அழுது அன்றைக்குப் பட்ட வெட்கம் போதும் அவளுக்கு.

"இப்ப அழுகா," என்றாள் அன்னப்பூரணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப அழலாம்."

எந்தச் செத்தவீட்டிலும் முந்திக்கொள்ளும் இரத்தினம்மாவுக்கு அன்று குரல் வரவில்லை. அன்னப்பூரணியின் கையைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒப்பாரியின் முதல் அடியை அன்னப்பூரணியே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.