சதாசிவத்தின் குளிர்கோட்டு

மலேசியாவின் குளுவாங்கில் சதாசிவத்தின் அலமாரியில் ஒரு குளிர்கோட்டு இருந்தது. கறுப்பு நிறம், முழங்கால் வரை நீளம். அது மெல்பர்ன் பார்த்திருக்கிறது, சியோல் பார்த்திருக்கிறது, லண்டனுக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறது. சதாசிவம் பார்த்த வெளிநாடு சிங்கப்பூர் மட்டும்தான். அதிலும் பாதி நேரம் எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ்ஸுக்குள் கழிந்தது.

அவர்கள் குடியிருந்த தாமானில் யார் வெளிநாட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினாலும் கோட்டு இரவல் போகும். கூடவே கோயில் கமிட்டி துணைத்தலைவர் சதாசிவத்தின் உரையும் உண்டு. "குளிர் மொதல்ல காதுலதான் ஏறும். எழுதி வச்சுக்குங்க" என்று, மின்விசிறிக்கு அடியில் வியர்வையைத் துடைத்தபடி விளக்குவார். "சிங்கப்பூர் பெரிய கடையில வாங்குனது, பாத்துப் போடுங்க" என்பதோடு உரை முடியும். ஒரே நிபந்தனை, திருச்செல்வத்தின் டோபிக் கடையில் துவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். திருச்செல்வம் ஒவ்வொரு சலவைக்கும் பேரும் தேதியும் எழுதிய சின்னத் துணித் துண்டை உள்பக்கம் தைப்பார். பழைய துண்டைப் பிரிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

சொந்தக்காரர் மட்டும் அதைப் போட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன், தன் மகளைக் கமிட்டித் தலைவரின் மகனுக்குத் தருவதாகக் கோயில் மண்டபத்தில் மைக்கிலேயே அறிவித்தார். மகள் லோஷினியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் நர்ஸ் வேலை வாங்கிக்கொண்டு கிளாஸ்கோவுக்குக் கிளம்பிவிட்டாள். விமான நிலையத்தில் பத்துப் பேர் திரும்பிப் பார்க்க, "நீ இருக்கற ஊருக்கு என் கால் வராது!" என்றார். அதற்குப் பிறகு அவள் போனில் அம்மாவோடுதான் பேசினாள். "அப்பா நல்லாருக்காங்களா?" என்ற ஒரு கேள்வி மட்டும் அவர் பங்கு.

இந்த டிசம்பரில் மகளிடமிருந்து இரண்டு டிக்கெட் வந்தது. "எனக்கு முட்டி வலி, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி ராசம்மா. போன தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி அத்தனையும் ஏறிய அதே முட்டிதான். "கமிட்டி வேலைக்கு நடுவுல நாலு நாள்தான் ஒதுக்க முடியும்" என்று சதாசிவம் தாமான் முழுக்கச் சொன்னார். மகளுக்கு லீவே நாலு நாள்தான்.

கிளாஸ்கோவில் கோட்டு அவர் தொந்தியைச் சுற்றி வரமாட்டேன் என்றது. இரண்டு நாள், "சாப்பிட்டீங்களாப்பா?", "ம்ம், சாப்பிட்டேன்" என்று ஹோட்டல் கவுண்டர்போலப் பேச்சு. மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் காற்று அடித்தபோது, கோட்டின் இரண்டு ஓரத்தையும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"குளிருதாப்பா?"

"இதெல்லாம் ஒரு குளிரா?" பல்லோடு பல் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும், "குடுங்க, பட்டனை நகத்தித் தைக்கிறேன்" என்று கோட்டை வாங்கிப் புரட்டினாள். உள்ளே வரிசையாகத் துணித் துண்டுகள். ஐயாசாமி, வாசுகி, விஜயன், மறுபடி வாசுகி. எல்லாவற்றுக்கும் அடியில், மை மங்கிய ஒன்று. சதாசிவம், 24-9-2018.

"நான் பிளேன் ஏறினது அதே மாசம் பதினெட்டாம் தேதி" என்றாள்.

"பண்டல் கடையில மலிவா மாட்டியிருந்தான்லா. பழைய துணி, ஒரே வாடை. அதான் டோபிக்குப் போட்டேன்."

"சிங்கப்பூர்ல வாங்குனதுன்னு அம்மா சொன்னாங்க?"

"அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அவள் ஊசியில் நூல் கோத்தாள். மூன்று தடவை தவறியது. "ஆறு வருஷமா ஏன்பா வரலை?"

"வரமாட்டேன்னு கத்திட்டேன். கத்துனது பத்துப் பேருக்குக் கேட்டுருச்சு. கோட்டு வாங்குனது யாருக்கும் தெரியாது."

மண்டபத்தின் கடைசி வரிசை வரை எட்டுகிற குரல் அவருடையது. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவே சிரமப்பட்டது. "அன்னைக்கு மைக்குல சொல்லிருக்கக் கூடாதும்மா. ஒன்னையக் கேட்டிருக்கணும்."

லோஷினி பட்டனைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கோட்டை அவர் மேல் மாட்டி, கழுத்து வரை பட்டன் போட்டுவிட்டாள்.

"காது ரெண்டும் செவந்து கிடக்கு. குளிர் மொதல்ல காதுலதான் ஏறும். ஊருக்கே சொல்றீங்களாம், ஒங்களுக்குத் தெரியாதா?" என்று தன் கம்பளித் தொப்பியை அவர் தலையில் இழுத்து மாட்டினாள். குஞ்சம் வைத்த ஊதாத் தொப்பி. துணைத்தலைவர் அதைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பொங்கல் முடிந்த வாரம் ஐயாசாமி வந்தார். மகனைப் பார்க்க மறுபடியும் சியோல் போகிறாராம். வழக்கமான உரைக்குத் தயாராகி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோட்டு இல்லையே, ஐயாசாமி."

"அலமாக்! யாருக்குக் குடுத்தீங்க?"

"மக வீட்டுக் கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கு. எடுத்துட்டுப் போங்கப்பான்னு அவ சொல்லலை. நானும் எடுக்கலை. அடுத்த டிசம்பருக்கு வேணும்லா."

"அப்ப என் கதி? சிங்கப்பூர்ல அது எந்தக் கடைன்னாவது சொல்லுங்க."

சதாசிவம் தொண்டையைச் செருமினார். உள்ளே ராசம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"சிங்கப்பூர் எதுக்கு? நம்ம பண்டல் கடையில செவ்வாக்கிழமை புது மூட்டை பிரிப்பான். வெள்ளனே போங்க. தொந்திக்குப் போட்டுப் பாத்து வாங்குங்க."