கொரீன் விட்டுப்போன துப்பாக்கி

நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடமே கிடையாது. அதற்கு முந்தைய வாரம் நான் சமையலறை மேசையில் ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் கணவன் ரெய்னோவின் முதல் மனைவி கொரீனுடையது. அவள் ஒரு பல் டாக்டரோடு அரிசோனாவுக்குப் போனபோது நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், துப்பாக்கியை இங்கேயே விட்டுவிட்டாள். நாயை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நாயென்றால் நான் சோறு போட்டு என் பக்கம் இழுத்திருப்பேன்.

கொரீன் குள்ளம். அவள் கைக்குத் தோதாக இருக்கட்டும் என்று, துப்பாக்கியைத் தோளில் அணைக்கிற மரக்கட்டையை ரெய்னோ தன் கையாலேயே அறுத்து, இழைத்து, எண்ணெய் பூசிக் கொடுத்திருந்தான். நானோ நெட்டை. போன வருஷம் அந்தக் குட்டைக் கட்டையைத் தோளில் வைத்துச் சுட்டபோது முகம் குறிபார்க்கிற ஸ்கோப்புக்கு மிகக் கிட்டே போய்விட்டது. துப்பாக்கி உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. பிறை மாதிரி ஒரு தழும்பு. எங்கள் ஊரில் அந்தத் தழும்பைப் பார்த்து என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை, பார்த்தவுடன் சிரிக்கிறார்கள். காலையில் தலை வாரக் கண்ணாடி முன் நின்றால் எனக்கு முதலில் கொரீன்தான் தெரிகிறாள்.

ரெய்னோவுக்கு ஒரு கெட்ட பழக்கம். பொய் சொல்ல மாட்டான். கல்யாணமான புதிதில், கொரீன் நன்றாகச் சுடுவாளா என்று கேட்டேன். ரொம்ப நன்றாகச் சுடுவாள் என்றான். என்னைவிடவா என்றேன். ஆமாம் என்றான், ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். கராஜ் சுவரில் அவள் குறி பழகச் சுட்ட அட்டை ஒன்று இன்றும் ஆணியில் தொங்குகிறது. குண்டெல்லாம் ஒரே ஓட்டைக்குள் போயிருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சொன்னால் தோற்றேன் என்றாகிவிடுமே.

அதனால் என் கை நீளத்துக்கு ஒரு புதுக் கட்டை வரவழைத்தேன். சாம்பல் நிறம், பார்க்க அழகெல்லாம் இல்லை. மாட்டிக் கொடுக்கட்டுமா என்று ரெய்னோ கேட்டான்.

"அவளுக்கு நீ செஞ்சு குடுத்த. எனக்கு நானே செஞ்சுக்கறேன்" என்றேன்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, காட்டுக் குடிசையில் அடுப்பைச் சரிபார்க்கப் போய்விட்டான். தங்கல் அங்கேதான், மறுநாள்தான் வருவான்.

வேலை நன்றாகவே போயிற்று. குழல் கட்டையில் எங்கும் உரசக் கூடாது. ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்தது பசை. துப்பாக்கியின் இரும்புப் பாகம் கட்டையில் ஆடாமல் உட்கார அதன் அடியில் எபாக்சி பசையை ஊற்றி இறுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் இரும்பு முழுக்க ஷூ பாலீஷ் பூசியாக வேண்டும். பூசாவிட்டால் பசை இரும்பையும் பிடித்துக்கொள்ளும், பிறகு கட்டையைக் கழற்றவே முடியாது. பாலீஷ் டப்பாவைக் கையெட்டும் தூரத்தில்தான் வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ரெய்னோவின் தம்பி லைல், வாங்கிப்போன ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தான். கேட்காமலே காபி ஊற்றிக்கொண்டான். மேசையில் கிடந்த பழைய கட்டையை எடுத்துத் தடவினான்.

"இதத் தூக்கிப் போட்டுடாத டார்லா. கொரீன் இத எடுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா மானெல்லாம் வரிசையில வந்து நிக்கும்."

"மான் மட்டுமா? பல் டாக்டரும்தான வந்து நின்னான்" என்றேன்.

லைல் காபி சிந்தச் சிந்தச் சிரித்தான். போகும்போது வாசலில் திரும்பி, புருவம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனான். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் பசையைக் கலக்கினேன், ஊற்றினேன், திருகுகளை முறுக்கினேன்.

மறுநாள் பசை சரியாகப் படிந்ததா என்று பார்க்கத் திருகுகளைக் கழற்றிவிட்டு இழுத்தேன். இரும்பு அசையவில்லை. தட்டினேன், உலுக்கினேன், முழங்காலுக்கு நடுவில் வைத்து மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் பாலீஷ் டப்பா கண்ணில் பட்டது. மூடி திறக்காமலே இருந்தது.

சாயங்காலம் ரெய்னோ வந்தான். துப்பாக்கியைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான்.

"பாலீஷ் போடலயா?"

"போடல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன் சிரிக்க ஆரம்பித்தான். "கொரீனும் இதேதான் பண்ணினா. பசை நான்தான் ஊத்துவேன்னு அடம் புடிச்சு, இப்படியே ஒட்டி வச்சா."

சமைக்கவே கூடாது இவனுக்கு என்று நினைத்தேன். சுடுவதில் அவள் முந்தி, இந்த வீட்டுக்கு வந்ததில் அவள் முந்தி, சரி. ஒரு முட்டாள்தனமாவது எனக்கே எனக்கென்று இருக்கக் கூடாதா? அதையும் செய்து பார்த்துவிட்டல்லவா போயிருக்கிறாள்.

அவன் பாட்டுக்கு எழுந்து, பெரிய ஃபிரீசரைத் திறந்து மான்கறிப் பொட்டலங்களை வெளியே அடுக்கத் தொடங்கினான். துப்பாக்கி ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்தால் பசைப் பிடி விட்டுவிடும், காலையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்றான். கொரீனுடையதையும் அப்படித்தான் எடுத்தானாம்.

"சுலபமா கழண்டுச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே தட்டு."

துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அப்ப என்னோடது கழல வேண்டாம்."

அவன் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் பழைய கட்டையை இதில் இனிமேல் மாட்டவே முடியாது, பின்னால் அடியில் ஏதாவது பழுதானால் கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றான்.

"உடைக்கிறவங்க உடைச்சு எடுக்கட்டும்" என்றேன்.

ரெய்னோ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். புருவத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு பொட்டலங்களைத் திரும்ப உள்ளே அடுக்கினான்.

மறுநாள் ஊருக்கு வெளியே மணல்குழியில் போய்ச் சுட்டுப் பார்த்தோம். கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது. ஸ்கோப் என் நெற்றிக்குக் கிட்டே வரவில்லை. கையிலிருந்த குண்டுகள் தீர்ந்ததும் ரெய்னோ நடந்துபோய் அட்டையைக் கொண்டுவந்தான். ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மான் விழும், சுவரில் மாட்டி வைக்கிற சங்கதி இல்லை.

அவன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"கொரீன் இவ்வளவு நல்லா சுட்டதில்ல" என்றான்.

இரண்டு காதும் சிவந்துவிட்டன அவனுக்கு. பாவம், பழக்கமில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

சொன்னான்.