எண் இல்லாத துண்டு

எல்லாம் முடிந்த பிறகு ஒரு துண்டு மிஞ்சியது.

கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு மடிப்புக் கோடு, ஒரு முனையில் சின்னக் கொக்கி. பாண்டிச்செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற எல்லாத் துண்டுகளின் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஓர் எண் அச்சாகியிருந்தது. இதில் இல்லை.

விடுதி அறையில் பாய்க்கு நடுவே, விரித்த செய்தித்தாளின் மேல் அந்தத் தேவாலயம் நின்றது. அட்டையில் செய்த தேவாலயம். கூரான கோபுரம், வளைவு வளைவாக ஜன்னல்கள், முன்னால் இரட்டைக் கதவு. பக்கவாட்டில் தொங்கும் ரிப்பனை இழுத்தால் கதவு திறக்கும். உள்ளேயிருந்து தோழி சில்வியாவும் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளையும், புகைப்படத்தில்தான், ஜோடியாக முன்னால் வந்து நிமிர்ந்து நிற்பார்கள். ரிப்பனை விட்டால் உள்ளே போய்விடுவார்கள்.

வடிவம் இணையத்தில் கிடைத்தது. யாரோ ஊர் பேர் தெரியாதவர் எல்லோரும் அச்செடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டிருந்தார். பாண்டிச்செல்வி அதைத் தன் போனிலேயே திருத்தி, கோபுரத்தைச் சில்வியாவின் ஊர்த் தேவாலயம் போல மாற்றினாள். ஜோடியின் படத்தைச் சேர்த்தாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் பிரிண்ட் கடை வைத்திருக்கும் ஜெபர்சனுக்கு ஃபைலை அனுப்பி, தடித்த அட்டையில் அச்செடுக்கச் சொன்னாள். அதற்கு மேல் எல்லாம் கைவேலை. வெட்டி, மடித்து, ஒட்டி, ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடித்தாள் வைத்து, வாசலில் காகிதத்தைச் சுருட்டிச் சுருட்டி மல்லிகைப் பந்தல் போட்டிருந்தாள்.

"ஏட்டி, ரிப்பன இழு பாப்போம்," என்றாள் அறைத் தோழி தங்கமாரி.

இழுத்தாள். கதவு திறந்தது. ஜோடி வந்து நின்றது.

"வருதுல்லா? பெறவு என்னத்துக்கு முழிச்சிக்கிட்டு இருக்க? அந்தத் துண்டத் தூக்கிக் குப்பையில போடு. மெஸ்ஸ மூடிருவாவ."

"லைன்ல ஒரு ஸ்க்ரூ மிஞ்சினா குப்பையிலதான் போடுவியாட்டி?"

இருவரும் ஒரே கார் தொழிற்சாலையில் ஒரே லைனில் நிற்கிறவர்கள். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டிரேயில் பாகங்கள் வரும். டிரே காலியானால்தான் வண்டி அடுத்த ஆளிடம் நகரலாம். ஒரு வாஷர் மிஞ்சினாலும் தலைக்கு மேலே தொங்கும் மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும், லைன் நின்றுவிடும். வண்டி ஓடுகிறதே என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. மிஞ்சியது எங்கே போக வேண்டியது என்று தெரிந்தாக வேண்டும்.

"இது வண்டி இல்ல தாயி, பேப்பரு," என்றாள் தங்கமாரி.

"நம்பர் இல்லாம ஒரு பார்ட்டு எப்படி வந்துச்சு? அதச் சொல்லு."

தங்கமாரி தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

விளையாட்டு விஷயமாக இருந்தால் பாண்டிச்செல்வியும் விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சில்வியாவுக்கு நிச்சயதார்த்தம். சில்வியாவும் அதே லைன்தான், தொழிற்சாலைக்குப் பக்கத்து ஊர்க்காரி. மாப்பிள்ளையின் அம்மா அன்னபுஷ்பம் போன வாரம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: "லைன்ல நிக்கிற புள்ளைங்க இன்னாத்தக் குடுக்கப் போவுது? எல்லாம் சேந்து ஒரு செவுத்துக் கடியாரம் தூக்கினு வரும். எங்க வூட்ல ஏற்கெனவே ரெண்டு ஓடாம கீது."

சில்வியாவுக்குச் சுருக்கென்றது. "என் ஃப்ரெண்டு கையாலயே ஒண்ணு செய்றா அத்தை. சர்ச் ஹால்ல எல்லார் முன்னாடியும் நீங்கதான் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் லைனில் பாண்டிச்செல்வியின் காதருகே வந்து, "வாய வுட்டுட்டேன்டி. என் மானம் உன் கைல" என்றாள்.

அந்த மானம்தான் இப்போது ஒரு கட்டைவிரல் நீளத் துண்டாகப் பாண்டிச்செல்வியின் உள்ளங்கையில் இருந்தது.

சனிக்கிழமை பகல் ஷிஃப்ட் முடிந்தது. அறைக்குப் போய்த் தேவாலயத்தை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு நேரே ஜெபர்சன் கடைக்குப் போனாள்.

கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பும் இடத்தில் அந்தக் கடை. வேலைக்கு மனுப்போட வருகிறவர்களின் பயோடேட்டா, அடையாள அட்டை நகல், பிறந்தநாள் பேனர், பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் அங்கேதான். விடுதிப் பெண்கள் எல்லோருக்கும் ஜெபர்சன் 'அண்ணா'. பாண்டிச்செல்வி மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இருவருக்கும் ஏற்கெனவே ஒரு சண்டை உண்டு. முதலில் இதே ஜோடிப் படத்தை மாதிரிக்கு அச்செடுக்கக் கொடுத்தபோது, கடை வழக்கப்படி ஜெபர்சன் இருவர் முகத்தையும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பாக்கிவிட்டான். "இது யாரு? சில்வியாவா, இல்ல பவுடர் டப்பா பொம்மையா? என் ஃபைல்ல கை வச்சீங்கன்னா பாத்துக்கிடுங்க" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டுப் போயிருந்தாள். அதனால்தான் தேவாலயத்தின் அச்சுத்தாள்களை வாங்கத் தங்கமாரியை அனுப்பினாள்.

"இந்தாங்க, இது என்னது?"

மேசைமேல் துண்டை வைத்தாள். ஜெபர்சன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

"வந்துட்டீங்களா," என்றான் மெதுவாக.

"அப்ப உங்க வேலைதானா? என் ஃபைல்ல கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஃபைல்ல வைக்கலங்க. ஷீட்டு மூலைல எடம் சும்மா கெடந்துச்சு. அதுல ஒண்ணு போட்டேன். அதான் நம்பர் கூடப் போடல. நம்பர் உங்களுது."

பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கேள்விதான். "எதுக்குப் போட்டீங்க?"

"நீங்க ரிப்பன எத்தினி தபா இழுத்துப் பாத்தீங்க?"

"ரெண்டு மூணு தடவ. நல்லாத்தான் வருது."

"இன்னும் இழுங்க."

பெட்டியிலிருந்து தேவாலயத்தை எடுத்து மேசைமேல் வைத்து இழுத்தாள். வந்தார்கள். விட்டாள், போனார்கள். மறுபடி இழுத்தாள். மறுபடியும். ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற ஓர் ஆள் தன் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தான். ஒரு கட்டத்தில் ஜோடி கொஞ்சம் தள்ளாடியது. அடுத்த இழுப்பில் மாப்பிள்ளையும் சில்வியாவும் வாசல் வரை வந்து, அப்படியே பின்னால் சாய்ந்து மல்லாந்துவிட்டார்கள்.

"அய்யய்ய, மாப்ள சாஞ்சுட்டாரே!" என்றான் ஜெராக்ஸ்காரன்.

பாண்டிச்செல்விக்கு நாளைய காட்சி கண்முன் வந்தது. சர்ச் ஹால். எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். அன்னபுஷ்பம் ரிப்பனை இழுக்கிறாள். மகனும் மருமகளும் மல்லாந்து விழுகிறார்கள். கடிகாரமே வாங்கியிருக்கலாம்.

"அந்த டிசைன் போட்டவரு மெல்லிசு பேப்பருக்குப் போட்டுகீறாரு," என்றான் ஜெபர்சன். "நீங்க தடி அட்டை கேட்டீங்க. ஜோடியோட வெயிட்ட அந்த மடிப்பு கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்கப்புறம் தொவண்டுடும். இந்தத் துண்டு முதுகுல முட்டுக் குடுக்குறதுக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்து மேலே வைத்தான். இன்னொரு தேவாலயம். வண்ணம் இல்லை, பந்தல் இல்லை. கோபுரம் ஒரு பக்கம் கோணல். வெட்டிய ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. ரிப்பனுக்குப் பதில் பார்சல் கட்டும் நூல். பாண்டிச்செல்வி நூலை இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து மீசை வைத்த இரண்டு ஆண்கள் விறைப்பாக வந்து நின்றார்கள்.

"யாரு இவங்க?"

"தெர்லங்க. பாஸ்போர்ட் போட்டோ எடுத்துட்டு வாங்காம போய்ட்டானுங்க."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். மீசைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு தடவை கூடச் சாயவில்லை. குனிந்து கதவு வழியாகப் பார்த்தாள். அந்த எண் இல்லாத துண்டு உள்ளே கொக்கி மாட்டி, அவர்கள் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"இதச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லி அனுப்பிச்சிருந்தா அங்கியே கிழிச்சுப் போட்ருப்பீங்க."

"நான் கேட்டு வராம இருந்திருந்தா?"

"நீங்களா?" ஜெபர்சன் முதன்முறையாகச் சிரித்தான். "போன மாசம் பேப்பர் ஓரத்துல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துச்சு. அது எப்புடி வந்துச்சுன்னு மெஷினத் தொறந்து காட்டச் சொன்னீங்க. வராம இருப்பீங்களா?"

அவள் தேவாலயத்தைத் திருப்பிப் பார்த்தாள். வேறொரு சிக்கல் இருந்தது. தேவாலயம் முழுக்க ஒட்டியாகிவிட்டது. உள்ளே துண்டை மாட்ட வேண்டுமென்றால் பின்சுவரைக் கிழித்தாக வேண்டும். கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"புடிச்சிக்கிடுங்க. அசையக் கூடாது," என்றாள்.

ஜெபர்சன் கோபுரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவள் பின்சுவரில் கதவு மாதிரி மூன்று பக்கம் வெட்டித் திறந்து, துவண்ட மடிப்பை நீவி நிமிர்த்தினாள். துண்டின் கொக்கியை மாட்டிப் பசை வைத்து ஊதினாள். வாடிக்கையாளர்கள் வந்து நின்றார்கள். "கொஞ்சம் இருங்கண்ணா, சர்ச்சு வேல நடக்குது" என்று ஜெராக்ஸ்காரனே எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வெட்டிய தடம் அசிங்கமாகத் தெரிந்தது. அறைக்குப் போனதும் பழைய பட்டுப் புடவை ஒன்றின் சரிகைக் கரையைக் கத்தரித்துச் சுவரைச் சுற்றி ஒட்டிவிட்டாள். தடம் மறைந்தது. முன்பு இருந்ததைவிட அழகாகவே இருந்தது.

ஞாயிறு மாலை சர்ச் ஹாலில் அன்னபுஷ்பம் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். ரிப்பனை இழுத்தாள். மகனும் மருமகளும் வந்து நின்றார்கள். விட்டாள். திரும்ப இழுத்தாள். "ஏய், இங்க வந்து பாரேன்!" என்று தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை இழுத்தாள். தங்கை பிள்ளைகள் இழுத்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இழுத்தார்.

ஒவ்வோர் இழுப்பையும் பாண்டிச்செல்வி எண்ணிக்கொண்டிருந்தாள். ஜோடி சாயவே இல்லை.

"யாரும்மா செஞ்சது?" அன்னபுஷ்பம் நேராக அவளிடம் வந்தாள். "எல்லாத்தையும் நீயே செஞ்சியா?"

மேடையிலிருந்து சில்வியா கண்ணைக் காட்டினாள்: ஆமாம்னு சொல்லுடி.

"ஒரு துண்டு மட்டும் என்னோடது இல்ல அத்தை," என்றாள் பாண்டிச்செல்வி.

"எந்தத் துண்டு?"

"வெளிய தெரியாது. உள்ள இருக்கு."

அன்னபுஷ்பம் உடனே குனிந்து கதவுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் ஜெபர்சனின் போனுக்குப் புது ஃபைல் ஒன்று வந்தது. தங்கமாரியின் பிறந்தநாளுக்கு ஒரு காகிதக் குடை ராட்டினம். துண்டுகள் எல்லாம் நெருக்கி நெருக்கி அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போடப்பட்டிருந்தது. கீழ் வலது மூலை மட்டும் காலியாக இருந்தது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, நடுவே அடுத்த எண்ணையும் போட்டு வைத்திருந்தாள்.

அவன் உடனே போன் செய்தான். "இன்னாங்க, இந்த எடம் எதுக்கு?"

"நீங்களே செஞ்சு பாத்துக் கண்டுபிடிங்க," என்று சொல்லிவிட்டு, பாண்டிச்செல்வி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.