பேர் சொல்லிக் கூப்பிடும் ரோபோ

எங்கள் டிவி தொடரில் யாரைச் சாகடித்தாலும், தலைமை எழுத்தாளனான நான் அந்த நடிகருக்கு முந்தின நாளே ஃபோன் செய்து சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் மரியாதை.

ரோசலினுக்கு நான் செய்யவில்லை. தொடருக்கு மூலமான பழைய மூன்று படங்களிலும் கொலைகார ரோபோவிடமிருந்து தப்பித்த கதாநாயகி அவர். அவருக்காகவே பாதிப் பேர் எங்கள் தொடரைப் பார்த்தார்கள். நாலு தடவை ஃபோனை எடுத்து, நாலு தடவையும் வைத்துவிட்டேன். கோழைப் பயல், வேறென்ன?

மறுநாள் பர்பேங்க் ஸ்டூடியோவில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் வாசித்தோம். கதை வெளியே கசியாமலிருக்க, தாள்களை அங்கேதான் கொடுப்போம். ரோசலின் காபி குடித்தபடி உற்சாகமாக வாசித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் ரோபோ, படங்களில் செய்வதுபோலவே, அவரது பாத்திரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சுட்டது. ரோசலின் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தன் கடைசி வசனத்தைப் பிசிறில்லாமல் வாசித்து முடித்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

இடைவேளையில் அவரிடம் போனேன்.

"நேத்து உங்களுக்கு ஃபோன் அடிச்சேன், ரோசலின். லைனே கிடைக்கல."

"புளுகாதே, டங்கன்" என்றார், காபிக் கோப்பையை மூடியபடி. "அந்த ரோபோவுக்குக்கூட, கொல்றதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்பிடணும்னு தெரியுது."