புது வெள்ளைக் கால்சட்டை

டாரில் அன்று ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர் கோல்ஃப் மைதானத்துக்குத் தலை முதல் கால் வரை புதுசாக வந்திருந்தார். டிவியில் ஆடும் சாம்பியன் போடுகிற அதே வெள்ளைக் கால்சட்டை, அதே கையுறை, அதே மட்டை. அவன் அதை வைத்து முந்நூறு மீட்டர் அடிக்கிறான். தனக்கு நூறு வந்தால் போதும். வலது கை நடுங்குவதைப் பற்றிக் கூட்டாளிகளிடம் அவர் மூச்சுவிடவில்லை.

ஓங்கி அடித்தார். பந்து தத்தித் தத்தி உருண்டு, சற்று முன்னால் இருக்கும், பெண்கள் ஆட்டம் தொடங்கும் இடத்தைக்கூடத் தாண்டாமல் நின்றது. அப்படி நின்றால் அந்தக் குழி முடியும்வரை கால்சட்டையை இறக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். நால்வரும் முப்பது வருடமாக விடாத வழக்கம் அது. போன மாதம் கூட்டாளி மெர்வ் மாட்டிக்கொண்டபோது கத்தி ஊரைக் கூட்டியவரே டாரில்தான்.

இப்போது கூச்சலுக்குக் காத்திருந்தார். மூன்று பேரும் பைக்குள் எதையோ துழாவினார்கள்.

"காத்துடா, டாரில். இன்னொன்னு அடி," என்றார் மெர்வ், முகம் பாராமல்.

ஓர் இலைகூட அசையவில்லை.

"எவன்டா சொன்னான் உங்களுக்கு? என் பொண்டாட்டியா?" டாரில் பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. "சிரிங்கடா, நாய்ங்களா!"

மெர்வ் வந்து குனிந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அப்போதும் ஒருவரும் சிரிக்கவில்லை.